நெசவாளர் வீட்டுப் பிள்ளை கேட்ட உரிமை!

பட்டுக்கும் கோவிலுக்கும் பெயர் பெற்றது காஞ்சீபுரம். அங்கே 1909-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி, எளிய நெசவாளர் குடும்பத்தில் ஒரு குழந்தை பிறந்தது.

அவர்தான் அறிஞர் அண்ணா!

1962 மே 1-ந் தேதி. டெல்லி மேல்-சபையில் அண்ணா பேச எழுந்தார். "திராவிட நாட்டுக்குச் சுயநிர்ணய உரிமை வேண்டும்" என்று கேட்டார். சபையில் பரபரப்பு! குறுக்கீடுகள் எழுந்தன.

அது என்ன உரிமை?

ஒரு மக்கள் கூட்டம் தன் ஆட்சியைத் தானே தீர்மானிப்பதுதான் சுயநிர்ணய உரிமை. 1945-ல் எழுதப்பட்ட ஐ.நா. சாசனத்திலேயே இந்தச் சொல் இருக்கிறது. 1960 டிசம்பர் 14-ந் தேதி, "எல்லா மக்களுக்கும் இந்த உரிமை உண்டு" என்று ஐ.நா. பொதுச்சபை அறிவித்தது. 89 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து ஒரு ஓட்டு கூட இல்லை!

ஆனால் அதே அறிவிப்பில் ஒரு பூட்டும் இருந்தது. ஒரு நாட்டின் ஒற்றுமையைக் குலைக்கக்கூடாது என்பதே அது.

நம் வீட்டை அன்னியன் பிடித்துக்கொண்டால், "வெளியே போ" என்று சொல்லலாம். அண்ணன்-தம்பி பாகப்பிரிவினை வேறு விஷயம். அதற்குச் சர்வதேச சட்டம் எளிதில் கை கொடுப்பதில்லை.

மனம் மாறியது ஏன்?

1962 அக்டோபரில் சீனா படையெடுத்தது. அண்ணா நாட்டின் பாதுகாப்புக்கு ஆதரவு தந்தார். 1963-ல் அரசியல் சட்டம் 16-வது முறையாகத் திருத்தப்பட்டது. தேர்தலில் நிற்பவர்கள் நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பதாக உறுதிமொழி எடுக்கவேண்டும் என்று விதி வந்தது. தி.மு.கழகம் பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டது. "கோரிக்கையை விட்டோம், ஆனால் அதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன" என்பதே அண்ணாவின் நிலை.

1967-ல் அவர் முதல்-அமைச்சர் ஆனார். 1969 ஜனவரி 14, பொங்கல் நாளில், சென்னை ராஜ்யம் "தமிழ்நாடு" ஆயிற்று. இருபதே நாளில் அண்ணா மறைந்தார்.

வீட்டுக்கு ஒரு நீதி

1970-ல் ஐ.நா. இன்னொன்றும் சொன்னது. இன வேற்றுமை, மத வேற்றுமை பாராமல் எல்லா மக்களுக்கும் பிரதிநிதியாக இருக்கும் அரசு உள்ள நாட்டை, இந்த உரிமையைக் காட்டி உடைக்கக்கூடாது என்றது. 1979-ல் மனித உரிமை ஒப்பந்தங்களில் சேர்ந்த இந்தியா, அன்னியர் ஆட்சியில் உள்ள மக்களுக்கே இந்த உரிமை என்று நிபந்தனை போட்டது.

வீடு ஒன்றாக இருக்கவேண்டும். சரிதான். ஆனால் பந்தியில் எல்லாருக்கும் சமமாக இலை போடவேண்டும் அல்லவா?