நீதிபதி அறியாத ஒட்டுக்கேட்பு

2019 அக்டோபரில் வாட்ஸ்அப் நிறுவனம், இஸ்ரேலின் என்எஸ்ஓ நிறுவனத்தின் மீது கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தது. சுமார் 1,400 கைப்பேசிகளைக் குறிவைத்து பெகாசஸ் எனும் உளவு மென்பொருள் ஏவப்பட்டது என்பதே புகார். ஒரு காணொளி அழைப்பு போதும். அதை எடுக்கவும் வேண்டியதில்லை. குறிவைக்கப்பட்ட இந்தியர்களுள் தலித் அறிஞர் ஆனந்த் டெல்டும்ப்டே ஒருவர். பீமா கோரேகான் வழக்கின் வழக்கறிஞர் நிகால்சிங் ராத்தோட் மற்றொருவர். வழக்கறிஞர் – கட்சிக்காரர் உரையாடலைச் சட்டம் காக்கிறது என்று நாங்கள் சட்டக் கல்லூரியில் படித்திருக்கிறோம்!

அரசுகளுக்கு மட்டுமே பெகாசஸை விற்பதாக என்எஸ்ஓ கூறுகிறது. வாங்கியது யார்? 2021இல் உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 கைப்பேசிகளை ஆய்ந்தது. ஐந்தில் தீங்கு மென்பொருள் இருந்தது என்றும், அது பெகாசஸ்தான் என உறுதியாகவில்லை என்றும், ஒன்றிய அரசு ஒத்துழைக்கவில்லை என்றும் 2022 ஆகஸ்டில் நீதிமன்றம் தெரிவித்தது. கலிபோர்னியாவிலோ, என்எஸ்ஓ சட்டத்தை மீறியது என 2024 டிசம்பரில் தீர்ப்பே வந்துவிட்டது.

பெகாசஸ் அரிதானது. சட்டப்படி நடக்கும் ஒட்டுக்கேட்பே நாம் கூடுதலாகக் கவலைப்பட வேண்டியது. பியுசிஎல் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் சில நடைமுறைக் காப்புகளை வகுத்தது. ஆனால் நீதிபதியின் முன் அனுமதி வேண்டும் என்பதை ஏற்கவில்லை. ஆகவே ஆணையிடுபவர் உள்துறைச் செயலாளர்; அதைச் சரிபார்க்கும் குழுவில் இருப்போரும் அரசுச் செயலாளர்களே. ஒன்றிய அரசு மாதந்தோறும் 7,500 முதல் 9,000 ஆணைகள் பிறப்பிப்பதாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வெளிவந்த விவரத்தை 2018இன் ஸ்ரீகிருஷ்ணா குழு அறிக்கை எடுத்துக்காட்டியது. இரு மாதங்களுக்கு ஒருமுறை கூடும் குழு, ஒரே அமர்வில் 15,000க்கும் மேற்பட்ட ஆணைகளைப் பரிசீலிக்க வேண்டும். இதற்குப் பரிசீலனை என்று பெயர். 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் அதன் விதிகளும் இந்த அமைப்பை அப்படியே தொடர்கின்றன.

பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்போ இல்லாதபோது, சாதாரணக் குற்றத்தைக் கண்டறிவதற்காக ஒட்டுக்கேட்க முடியாது என்று 2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்றம் கூறி, 2011ஆம் ஆண்டின் ஆணையொன்றை ரத்துசெய்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் ஒட்டுக்கேட்கப்பட்டதை அறிந்தவர் மட்டுமே நீதிமன்றம் செல்ல இயலும். அதை அவருக்குத் தெரிவிக்கும் கடமை எந்த அதிகாரிக்கும் இல்லை.

ஊர்த்தெருவுக்கும் சேரிக்கும் இடையே மோதல் மூண்டால் முதலில் தேடப்படுவது பேச்சு அல்ல, அழைப்பு விவரங்களே. யாருடன், எப்போது, எந்தக் கோபுரத்தின் எல்லையில் பேசினோம் என்பதைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் குறைந்தது ஈராண்டுகள் சேமித்துவைக்க வேண்டும். உரிய நிலையிலுள்ள காவல் அதிகாரியின் எழுத்துமூல ஆணை போதும், அவை கைமாறிவிடும்.

அடுத்தது கைப்பேசியையே பறிமுதல் செய்வது. இங்கு மட்டும் நமக்கு ஒரு பிடி உண்டு. சோதனையையும் பறிமுதலையும் ஒலி–ஒளிப் பதிவு செய்து, தாமதமின்றி நடுவருக்கு அனுப்ப வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு. கைப்பேசியைக் கொடுக்கும் முன் அந்தப் பதிவையும், பறிமுதல் பட்டியலின் நகலையும் கேளுங்கள். மறுத்தால், மறுத்தவரின் பெயர், பதவி, நேரம் ஆகியவற்றை அன்றே எழுதிவைத்து வழக்கறிஞரிடம் கொடுங்கள்.