கை நுழையாத இடத்தில் ‘கிர்... கிர்...!’

ராயபுரம் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். ஏப்ரல் 15-ந் தேதி பிறந்துவிட்டால் அங்கே விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் இனம் பெருகுவதற்காக ஆண்டுதோறும் விடப்படும் 61 நாள் ஓய்வு அது. ஓய்வு மீனுக்குத்தான்; மெக்கானிக்குகளுக்கு அல்ல! ஜூன் 15 அன்று படகு அலை மேல் ஏற வேண்டுமானால், அதற்குள் என்ஜினைப் பிரித்து, பழுது பார்த்து, மறுபடியும் பூட்டி முடித்தாக வேண்டும்.

படகின் வயிற்றுக்குள் இறங்கிப் பார்த்தால்தான் அவர்கள் படும் பாடு தெரியும். ஒரு பக்கம் என்ஜின். மறு பக்கம் படகின் சுவர். நடுவே இருப்பது ஒரு சாண் சந்து. மல்லாந்து படுத்து, கையை நீட்டி, கண்ணுக்குத் தெரியாத நட்டை விரலால் தடவிப் பார்த்துப் பிடிக்க வேண்டும்.

“அண்ணே, ஸ்பேனர் மாட்டுது, ஆனா திரும்ப மாட்டேங்குதே!” என்பான், தொழில் பழக வந்த இளைஞன்.

“திருப்ப இடம் இருந்தா நீ எதுக்குடா, நான் எதுக்கு? அந்த ராட்செட்டை எடு!” என்பார் மூத்த மெக்கானிக்.

சற்று நேரத்தில் ‘கிர்... கிர்...’ என்று ஓசை கேட்கும். நட்டு இறங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

ஆறு முகம் படுத்தும் பாடு

சாதாரண நட்டுக்கு ஆறு முகம். ஸ்பேனர் ஒரு முகத்தை விட்டு அடுத்த முகத்தைப் பிடிக்க 60 டிகிரி சுற்ற வேண்டும். கடிகாரத்தின் பெரிய முள் பத்து நிமிடத்தில் கடக்கிற தூரம் அது. ஸ்பேனரின் நீளம் 25 சென்டிமீட்டர் என்றால், அதன் நுனி சுமார் 26 சென்டிமீட்டர் நகர வேண்டும். ஒரு சாண் சந்தில் அதற்கு ஏது வழி?

இதற்காகவே ஸ்பேனரின் வாயை 15 டிகிரி சாய்த்துச் செய்தார்கள். ஒரு முறை திருப்பி, பிறகு ஸ்பேனரைப் புரட்டிப் போட்டால், 30 டிகிரி இடமே போதும். உள்ளே 12 மூலை கொண்ட ரிங் ஸ்பேனருக்கும் அதே கணக்குதான். அப்படியும் நுனிக்கு 13 சென்டிமீட்டர் வேண்டும். தவிர, ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்டவேண்டும். இருட்டில், எண்ணெய்க் கையோடு இதை நாற்பது தடவை செய்பவனுக்குத்தான் அந்த வேதனை தெரியும்.

சைக்கிளில் இருக்கும் ரகசியம்

ராட்செட் என்பது ஏதோ புதுமையான மாயம் அல்ல. சைக்கிளில் போகிறவர் மிதிப்பதை நிறுத்தினால் பின் சக்கரத்தில் ‘கிர்ர்’ என்று கேட்கிறதே, அதே தந்திரம்தான். ஒரு பல் சக்கரம். அதன் பல்லில் விழுந்து பிடிக்கும் சிறு இரும்பு நாக்கு. நாக்கை அழுத்தி நிற்கும் ஒரு ஸ்பிரிங். ஒரு பக்கம் திருப்பினால் நாக்கு பல்லைக் கவ்வும், நட்டு திரும்பும். மறு பக்கம் இழுத்தால் நாக்கு பல்லின் மேல் வழுக்கிப் போகும். நட்டு நின்ற இடத்திலேயே நிற்கும். ஸ்பேனரைக் கழற்ற வேண்டியதே இல்லை.

சக்கரத்தில் 24 பல் இருந்தால், 15 டிகிரி அசைத்தால் போதும். 36 பல் என்றால் 10 டிகிரி. 72 பல் என்றால் வெறும் 5 டிகிரி! கைப்பிடியின் நுனி இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக அசைந்தாலே அடுத்த பல் கிடைத்துவிடும்.

அப்படியானால் பல்லைக் கூட்டிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். அங்கேதான் வருகிறது வில்லங்கம்.

நாற்பது கிலோ எண்ணூறு ஆகிறது

25 சென்டிமீட்டர் கைப்பிடியின் நுனியை ஒருவர் 40 கிலோ பலத்தோடு இழுக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் சக்கரத்தின் குறுக்களவு இரண்டரை சென்டிமீட்டர். நெம்புகோல் கணக்குப்படி அந்தப் பலம் இருபது மடங்காகி, பல்லின் மேல் 800 கிலோவாக இறங்குகிறது!

24 பல் உள்ள சக்கரத்தில் ஒரு பல்லுக்கு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இடம் உண்டு. அதே சக்கரத்தில் 72 பல் வெட்டினால் ஒன்றுக்கு ஒரு மில்லிமீட்டர்தான் கிடைக்கும். சக்கரத்தைப் பெரிதாக்கலாம் என்றால் தலை பருத்துச் சந்துக்குள் நுழையாது. நுண்ணிய பல் வேண்டும். அது உடையவும் கூடாது. கருவியை வடிவமைப்பவரின் தலைவலி இதுதான்.

இதற்கு இரண்டு உபாயங்கள் கண்டார்கள். ஒன்று, நாக்கின் முகத்திலேயே பல பற்களை வெட்டிச் சுமையைப் பகிர்ந்து கொடுப்பது. பலர் கூடித் தேர் இழுப்பது போல. மற்றொன்று, இரண்டு நாக்குகளை அரைப் பல் இடைவெளி தள்ளி வைப்பது. ஒன்று கவ்வும்போது மற்றது பாதி வழியில் இருக்கும். 36 பல் சக்கரமே 72 பல் போல வேலை செய்யும். பல்லும் தடிமனாக இருக்கும்.

ஸ்பிரிங்கிலும் ஒரு சிக்கல் உண்டு. அது விறைப்பாக இருந்தால், தளர்ந்த நட்டு கைப்பிடியோடு சேர்ந்து பின்னாலேயே திரும்பி வந்துவிடும். எவ்வளவு அசைத்தாலும் வேலை நடக்காது. விரலால் பிடித்துக்கொள்ளலாம் என்றால் விரல் நுழைய இடமில்லை. ஸ்பிரிங் மெலிந்திருந்தாலோ, உள்ளே அழுக்கும் கெட்டிக் கிரீசும் சேர்ந்த அன்று நாக்கு பல்லில் சரியாக உட்காராது. பலமாக இழுக்கும்போது நழுவும். நழுவினால் முதலில் அடிபடுவது முழங்கையும் விரல் முட்டியும்தான்!

கடைக்காரப் பையனின் கண்டுபிடிப்பு

சாக்கெட்டை மாற்றி மாற்றிப் போடும் ராட்செட் ஸ்பேனருக்கு 1863-ல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஜே. ஜே. ரிச்சர்ட்சன். ஆனால் நூறு ஆண்டுகள் சென்ற பிறகும் ஒரு குறை இருந்தது. எண்ணெய் படிந்த சாக்கெட்டைக் கழற்ற இரண்டு கைகள் வேண்டும்.

அதைத் தீர்த்தவர் சியர்ஸ் கடையில் வேலை பார்த்த பீட்டர் ராபர்ட்ஸ். அப்போது அவருக்கு வயது 18. தலையில் ஒரு பொத்தான். அழுத்தினால் சாக்கெட் ஒற்றைக் கையிலேயே கழன்று விழும். 1965-ல் காப்புரிமை கிடைத்தது. உரிமைக்காக நிறுவனம் கொடுத்தது 10,000 டாலர். ஸ்பேனரோ லட்சக்கணக்கில் விற்றது. ராபர்ட்ஸ் வழக்குத் தொடுத்தார். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 1989-ல் 82 லட்சம் டாலர் பெற்றுச் சமரசம் ஆனது. சின்னப் பொத்தானுக்கு அவ்வளவு மதிப்பு!

வடசென்னையின் கை

இந்தக் கருவியின் அருமை வடசென்னைக்குத் தெரியாததல்ல. 1856-லேயே ரயில் ஓடிய ஊர் ராயபுரம். 1948-ல் அசோக் மோட்டார்ஸாகப் பிறந்து, 1955-ல் அசோக் லேலண்ட் ஆன நிறுவனத்தின் லாரிகள் உருவானது எண்ணூரில். 1955-ல் தொடங்கிய என்பீல்டு இந்தியாவின் ‘புல்லட்’ உருண்டு வந்தது திருவொற்றியூரிலிருந்து. ரயிலோ, லாரியோ, படகோ, எதுவானாலும் கடைசி நட்டு இருப்பது கை நுழையாத மூலையில்தான்.

அனுபவசாலிகள் சில விதிகளை மறப்பதில்லை. இறுகிக் கிடக்கும் நட்டை முதலில் ரிங் ஸ்பேனரால் அசைத்துவிட்டு, பிறகே ராட்செட்டை மாட்டுவார்கள். கைப்பிடியில் குழாயைச் சொருகி நீளம் கூட்ட மாட்டார்கள். கைப்பிடியைத் தள்ளாமல் தம் பக்கம் இழுப்பார்கள். தள்ளியே ஆகவேண்டுமானால் விரலை மடக்காமல் உள்ளங்கையால் தள்ளுவார்கள். உப்புக் காற்றில் துருப்பிடிக்காமலிருக்க மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விடுவார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் காது! ‘கிர்... கிர்...’ ஓசை ஒரே சீராக வரவேண்டும். நடுவில் ஒரு பல் ஊமையானால், அந்தக் கருவியை மேலும் நம்பாமல் எடுத்து வைத்துவிடுவார்கள்.

ஜூன் 15 விடியும்போது படகுகள் புறப்படுகின்றன. கரையில் நிற்பவர்கள் காதில் விழுவது என்ஜினின் முழக்கம். அதற்கு முன், அதன் அடியில் மல்லாந்து கிடந்தவனுக்குத் துணையாக ஒலித்த அந்தச் சின்னக் ‘கிர்... கிர்...’ஐக் கேட்டவர்கள் சிலரே!