'சை' எங்கே போயிற்று?

சென்ற ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூரில் ஒரு சிநேகிதியின் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் கால் வைக்கும்போதே தர்க்கம் காதில் விழுந்தது.

"அது 'பைசைக்கிள்' இல்லை அம்மா, 'பைசிகிள்'! நாளைக்குப் பெற்றோர் கூட்டத்துக்கு நீ வர வேண்டாம். அப்பாவே வரட்டும்" என்றாள் பத்து வயதுப் பெண்.

சிநேகிதியின் முகம் வாடிவிட்டது. "நீயே சொல்லடி! சைக்கிள் என்றால் 'சை' இருக்கிறது. முன்னால் ஒரு 'பை' ஒட்டிக்கொண்டால், அந்தச் 'சை' எங்கே போய்விடும்?" என்றாள்.

நியாயமான கேள்விதானே? அதுவும் எந்த ஊரில்? 1949-ல் ஆரம்பமான டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியால், சைக்கிளுக்கே பேர் போன அம்பத்தூரில்!

விஷயம் இதுதான். 'சைக்கிள்' இரண்டு அசை. அழுத்தம் 'சை'யின் மேல். 'பைசிகிள்' மூன்று அசை. அழுத்தம் 'பை'க்குப் போய்விடுகிறது. புது மருமகள் வந்ததும் மாமியாரின் குரல் சற்று இறங்குவதில்லையா? அது போலச் 'சை' மெலிந்து 'சி' ஆகிவிடுகிறது. 'மோட்டார் சைக்கிளி'ல் மட்டும் அது பாதி அழுத்தத்தோடு பிழைத்துக்கொள்கிறது!

மூலச் சொல் கிரேக்கம்: 'குக்லோஸ்'. வட்டம், சக்கரம் என்று பொருள். ரோமானியர்கள் அதை லத்தீனில் எடுத்துக்கொண்டபோதும் முதல் எழுத்தைக் 'க' என்றே ஒலித்தார்கள். பிற்பாடு பிரெஞ்சுக்காரர் வாயில் அது 'ஸ' ஆயிற்று. அப்படியே இங்கிலீஷுக்கும் வந்தது. இரண்டு என்று பொருள்படும் லத்தீன் 'பை' அதனோடு சேர்ந்து வண்டியின் பெயரானது 1860-களில்தான்.

நம் ஊர் மழைக்காலத்தில் மிரட்டும் 'சைக்ளோன்' கூட இதே குடும்பம். 1848-ல் கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன், சுழன்றடிக்கும் புயலுக்கு இந்தக் கிரேக்கச் சொல்லிலிருந்தே பெயர் சூட்டினார். சமஸ்கிருதச் 'சக்ர'மும் 'குக்லோஸு'ம் ஒரே ஆதி வேரில் பிறந்தவை என்கிறார்கள் மொழி நூலார். ஆகவே, நாம் சொல்லும் 'சக்கரம்' சைக்கிளுக்கு ஒன்றுவிட்ட அக்காள்!

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த சிறுமி, "அப்படியானால் இங்கிலீஷ்காரர்களும் கிரேக்கச் சொல்லைத் தப்பாகத்தான் சொல்கிறார்களா, அத்தை?" என்றாள்.

"தப்பு என்பானேன், கண்ணு? வாய்க்கு வாய் சொல் மாறுகிறது. உன் அம்மாவுக்கும் ஒரு வாய் உண்டே!" என்றேன்.

மறுநாள் இரவு சிநேகிதியிடமிருந்து டெலிபோன். பெற்றோர் கூட்டத்துக்கு அவளேதான் போனாளாம். வாசலிலிருந்து வகுப்பு வரையில் பெண் அவள் கையை விடவே இல்லையாம்.