கப்பற் கல்வியும் தங்கவயல் இளைஞரும்

பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் கிளை ரயில் பாதையில் 'கோரமண்டல்' என்றொரு நிலையம் உண்டு. சோழமண்டலக் கரையின் பெயர் ஐரோப்பியர் நாவில் திரிந்து அவ்வாறாயிற்று என்பர். கடலுக்கு நெடுந்தொலைவில், மேட்டு நிலத்தில் அமைந்த தங்கவயலுக்கு, ஒரு சுரங்கத்தின் பெயராக அது வந்து சேர்ந்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து இங்கே குடியேறிய நம்மவர் தலைமுறை தலைமுறையாகப் பூமிக்குள் இறங்கி உழைத்தனர். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று அவர்தம் பேரர்களும் பேர்த்திகளும் விடியுமுன் ரயிலேறி, அந்த நிலையத்தைக் கடந்தே பெங்களூருக்கு வேலைக்கும் படிப்புக்கும் போய் வருகின்றனர்.

இத்தகைய குடும்பங்களில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளையைப் பார்த்து, "கப்பற் படிப்பில் சேர்த்துவிடுங்கள், முதல் மாதமே டாலரில் சம்பளம்" என்று எவரேனும் ஆசை காட்டுவதுண்டு. கப்பற் படிப்பு நல்ல படிப்புத்தான், ஐயமில்லை. ஆயினும் அது எவ்வாறு நடைபெறுகிறது, எவ்விடத்தில் முடிகிறது என்பதை அறியாமல் பணம் கட்டி ஏமாந்தவர் பலர்.

முதலில் இக்கல்வியின் வரலாற்றைச் சிறிது காண்போம். 1906-இல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவியதை நாம் அனைவரும் அறிவோம். கப்பலை விலைக்கு வாங்கிவிடலாம்; அதைச் செலுத்தும் அதிகாரியை விலைக்கு வாங்க இயலாது, பயிற்றியே உண்டாக்க வேண்டும். 1922-இல் மத்திய சட்டசபையில் சர் பி. எஸ். சிவஸ்வாமி ஐயர் இந்தியருக்கெனத் தனி வாணிகக் கப்பல் துறை வேண்டுமென்று தீர்மானம் கொண்டுவந்தார். அதன் தொடர்பாக அமைந்த குழு பயிற்சிக் கப்பல் ஒன்றைப் பரிந்துரைத்தது. 1927-இல் பம்பாய்த் துறைமுகத்தில் 'டஃப்ரின்' என்ற அப்பயிற்சிக் கப்பல் தன் பணியைத் தொடங்கியது. அதன் வழியில் 1972-இல் 'ராஜேந்திரா' வந்தது. 1993-இல் நவி மும்பையில் 'சாணக்யா' கரைமீது அமைந்த கல்லூரியாகவே எழுந்தது.

இவ்வாறு பல ஊர்களில் தனித்தனியே நடந்துவந்த அரசுப் பயிற்சி நிலையங்களை ஒன்றிணைத்துப் பாராளுமன்றச் சட்டத்தின்படி 2008 நவம்பரில் தோன்றியதே இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம். இது மத்தியப் பல்கலைக்கழகம்; தலைமையகம் சென்னை. உத்தண்டியில் கடலோரமாக இருந்த துறைமுக நிர்வாகப் பயிற்சி நிலையமே சென்னை வளாகத்துக்கு வித்தாயிற்று. கொச்சி, கொல்கத்தா, விசாகப்பட்டினம், மும்பைத் துறைமுகம், நவி மும்பை ஆகிய இடங்களிலும் வளாகங்கள் உண்டு. தனியார் கல்லூரிகள் சிலவும் இதனுடன் இணைந்துள்ளன.

கப்பலில் அதிகாரிகள் இரு வகையினர். கப்பலின் திசையையும் சரக்கையும் பார்ப்பவர் தளத்துறையினர். எந்திரங்களைக் காப்பவர் பொறித்துறையினர். தளத்துறைக்கு ஓராண்டு டிப்ளமோவோ மூன்றாண்டு பி.எஸ்ஸி. பட்டமோ உண்டு. பொறித்துறைக்கு நான்காண்டு பி.டெக். படிக்க வேண்டும். மெக்கானிக்கல் பொறியியலில் ஏற்கெனவே பட்டம் பெற்றவர் ஓராண்டுப் பயிற்சியால் பொறித்துறையில் நுழையலாம். தங்கவயலில் மெக்கானிக்கல் படித்தவர்க்குக் குறைவில்லை. எனினும் இவ்வழியை அறிந்தவர் சிலரே என்று தோன்றுகிறது. வளாகத்தில் வகுப்புடன் பட்டறை வேலை, தீயணைப்பு, உயிர்காப்புப் படகு இறக்குதல், முதலுதவி ஆகியனவும் கட்டாயம். ஸிமுலேட்டர் என்னும் பாவனைக் கூடத்தில், சுற்றிலும் திரையில் கடலும் துறைமுகமும் தோன்ற, மாணவன் கரையில் நின்றவாறே கப்பலைச் செலுத்திப் பழகுகிறான். அங்கே தவறு செய்தால் ஆசிரியர் திருத்துவார். கடலில் திருத்துவார் இலர். 1978-இல் நாடுகள் கூடிச் செய்துகொண்டு, 1995-இலும் 2010-இலும் திருத்திய உடன்படிக்கையே இப்பயிற்சிகட்கெல்லாம் அளவுகோல்.

இனிச் சொல்லப்போவதே பெற்றோர் முக்கியமாக மனத்திற் கொள்ள வேண்டியது. பல்கலைக்கழகம் தருவது பட்டம். கப்பலில் அதிகாரியாகப் பணிபுரியும் உரிமையைத் தருவதோ கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். அவ்விரண்டிற்கும் நடுவே கப்பலிற் கழிக்க வேண்டிய காலம் ஒன்றுண்டு. அலுவலகக் கோப்புகளில் 'கடற்பணிக் காலம்' என்று எழுதுகிறோம். 'கடற்காலம்' என்றாலே போதும்.

இது தங்கவயலார்க்குப் புதிய செய்தியன்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்துக்குச் சென்றது. கூண்டை ஏற்றி இறக்கும் வைண்டிங் இஞ்சினைப் புத்தகம் படித்தவர் கையில் எவரும் ஒப்படைத்ததில்லை. வெடி வைக்கும் பிளாஸ்டர், மேட், ஃபோர்மன், இஞ்சின் ஓட்டுநர் ஆகியோர் குறித்த காலம் நேரில் பணியாற்றிய பின்னரே, சட்டப்படி பரீட்சை எழுதிச் சான்றிதழ் பெற்றனர். கப்பலிலும் முறை அதுவே. 'மேட்' என்ற சொற்கூட அங்கே உண்டு! டிப்ளமோ முடித்த தளத்துறை மாணவன் 18 மாதம் கடலில் பழக வேண்டும், பி.எஸ்ஸி. பட்டதாரிக்கு 12 மாதம். அதன் பின்னரே செகண்ட் மேட் பரீட்சை. பொறித்துறைப் பட்டதாரி 6 மாதம் கப்பலின் எந்திர அறையில் பணியாற்றிவிட்டே நான்காம் வகுப்புப் பொறியாளர் பரீட்சைக்கு அமரலாம்.

அந்தக் கடற்காலத்துக்குக் கப்பலில் இடம் தருவது யார்? இக்கேள்வியைக் கேளாமல் சேர்வதே பெரும் பிழை. கப்பற் கம்பெனி பயிற்சி மாணவனாக ஏற்றுக்கொண்டால்தான் இடம் கிடைக்கும். பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஓர் இடத்துக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருப்போர் நாட்டிற் பலர் உள்ளனர். ஆகவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் கட்டடத்தையும் மாணவர் சீருடையையும் கண்டு மயங்க வேண்டா. சென்ற ஆண்டு முடித்தவருள் எத்தனை பேர் கப்பலேறினர், எந்தக் கம்பெனியின் கப்பலில் ஏறினர் என்று கேளுங்கள். முடிந்தால் அம்மாணவருள் ஒருவரையே நேரிற் கண்டு விசாரியுங்கள். ஓராண்டு டிப்ளமோவுக்குச் செல்வோர், தம்மை ஏற்றுக்கொள்ளும் கம்பெனியின் கடிதத்தை முன்னதாகப் பெற்றுவிடுதல் நலம்.

இந்த இடைவெளியிலேதான் தரகர் நுழைகின்றனர். "கப்பலில் இடம் வாங்கித் தருகிறேன், இத்தனை லட்சம் கொடு" என்கின்றனர். பத்தாம் வகுப்புப் படித்துவிட்டு ஆறு மாதப் பயிற்சியால் சாதாரண மாலுமியாகச் செல்ல விரும்பும் ஏழைப் பிள்ளைகளே இவர்களிடம் மிகுதியும் அகப்படுகின்றனர். தாயின் நகை அடகுக்குப் போகிறது. பிள்ளை எங்கோ ஓர் அயல்நாட்டுத் துறையில் சம்பளமின்றி ஒரு பழங்கப்பலில் கிடக்கிறான். மாலுமிகளை வேலைக்கு அனுப்பும் நிறுவனம் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் அது பணம் பெறுவது சட்ட விரோதம். உரிமம் பெற்றோர் பட்டியலும், அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையங்களின் பட்டியலும் இயக்குநரகத்தின் இணையதளத்தில் எவரும் காணும்படி உள்ளன. பட்டியலில் பெயர் இல்லையெனில் அந்தப் பேச்சை அத்துடன் விட்டுவிடலாம்.

ஆராய்ச்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடலுக்குப் போகாமலே கடற்றுறையில் பணிபுரிய விரும்புவோர்க்கு விசாகப்பட்டினம் வளாகத்தில் கப்பல் வடிவமைப்புக் கல்வி உண்டு. துறைமுக நிர்வாகம், தூர்வாரும் பொறியியல் ஆகியவற்றில் மேற்படிப்புகளும் உள்ளன. 2023-இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு, கப்பல்கள் வெளிவிடும் வெப்பவாயுக்களை ஏறத்தாழ 2050-க்குள் நிகர அளவில் இல்லாமற் செய்வதென இலக்கு வகுத்தது. மெதனாலையும் அம்மோனியாவையும் எரிபொருளாக்கும் முயற்சிகள் நடைபெறுகின்றன. அம்மோனியா நச்சுவாயு; அடைபட்ட எந்திர அறையில் அதைக் கையாளும் முறையை இனி வரும் பொறியாளர் புதிதாகவே கற்க வேண்டும். ஆழத்தில் அடைபட்ட காற்றோடு போராடியவர்களின் பேரப்பிள்ளைகட்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டுவதில்லை.

நிற்க. சேர்க்கை, பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் நடத்தும் பொது நுழைவுத் தேர்வின் வழியாகும். கடற்பணிக்குரிய படிப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றிலும் சேர்த்து நூற்றுக்கு 60 சராசரி தேவை. ஆங்கிலத்தில் 50 வேண்டும். பட்டியல் இனத்தவர்க்கும் பழங்குடியினர்க்கும் இடஒதுக்கீடு உண்டு. பெண்களும் சேரலாம். வயது எல்லை, சலுகைகள் முதலியவற்றை அவ்வாண்டு அறிக்கையிற் கண்டுகொள்க.

விண்ணப்பத்துக்கும் முன்னர்ச் செய்ய வேண்டியது கண் பரிசோதனை. இரவில் எதிர்வரும் கப்பலின் இடப்புறம் செவ்விளக்கும் வலப்புறம் பச்சை விளக்கும் எரியும்; அவற்றை வேறுபடுத்தி அறிய இயலாதவரை இரு துறையிலும் ஏற்பதில்லை. தளத்துறைக்குக் கண்ணாடியின்றியே கூரிய பார்வை வேண்டும். பொறித்துறைக்குச் சற்றுத் தளர்வு உண்டு. நிறக்குருடு உள்ள பிள்ளைக்கே அது தெரிந்திராது. நுழைவுத் தேர்வில் வென்று, பெட்டி கட்டிய பிறகு மருத்துவர் சொல்லித்தான் தெரியவரும். இயக்குநரகம் அங்கீகரித்த மருத்துவர்களின் பட்டியலும் அதே இணையதளத்தில் இருக்கிறது. பிள்ளை பதினோராம் வகுப்பில் இருக்கும்போதே அவர்களுள் ஒருவரிடம் காட்டிவிடலாம்.