அயல்நாட்டில் ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சியாசிரியர்: ஜப்பானிய வகுப்பறை தரும் மொழியியற் செய்திகள்

1. முன்னுரை

ஒரு மொழியைத் தாய்மொழியாகப் பேசுதல் வேறு; அதனைப் பிறர்க்குக் கற்பித்தல் வேறு. முன்னது பழக்கத்தால் அமைவது. பின்னது விளக்கத்தால் அமைவது. தாய்மொழியைத் தம் நாட்டு மாணவர்க்கே கற்பிக்கும் ஆசிரியருக்கு இவ்வேறுபாடு எளிதில் புலப்படுவதில்லை. ஏனெனில் அம்மொழியின் அடிப்படை இலக்கணத்தை மனத்திற்கொண்டே மாணவர் வகுப்பிற்கு வருகின்றனர். அயல்நாடு செல்லும் பயிற்சியாசிரியருக்கோ முதற்சில வகுப்புகளிலேயே இவ்வேறுபாடு தெரிந்துவிடுகிறது. மாணவர் கேட்கும் 'ஏன்' என்னும் வினாவிற்கு அவரிடம் விடை இருப்பதில்லை.

ஜப்பானில் ஆங்கிலம் கற்பிக்கும் இத்தகைய ஆசிரியர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகள் சிலவற்றை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. அவ்விடர்ப்பாடுகள் ஆங்கில மொழி விளக்கத்திற்கு எவ்வாறு பயன்பட்டன, இன்றைய பயிற்சிமுறை அப்பயனுக்கு எந்த அளவு இடந்தருகிறது என்பவை இங்கு ஆராயப்படுகின்றன.

2. பயிற்சியின் அளவு

அயல்நாடுகளில் ஆங்கிலம் கற்பிக்கச் செல்வோர்க்கான குறுகிய காலப் பயிற்சி, ஜான் ஹேகிராஃப்ட் 1962ஆம் ஆண்டு இலண்டனில் இன்டர்நேஷனல் ஹவுஸ் என்னும் நிறுவனத்தில் தொடங்கிய வகுப்பை முன்னோடியாகக் கொண்டது. அதன் வழிவந்ததும் உலகெங்கும் அறியப்பட்டதுமான 'செல்டா' சான்றிதழ்ப் பயிற்சி குறைந்தது 120 மணி நேரம் கொண்டது. முழுநேரமாகப் பயில்வோர் இதனை ஏறத்தாழ நான்கு வாரங்களில் முடித்துவிடுவர். இதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்முன் நின்று கற்பிக்க வேண்டும்.

ஜப்பானுக்குச் செல்வோர் பலருக்கு இவ்வளவு பயிற்சியும் கட்டாயமன்று. 1987ஆம் ஆண்டு ஜப்பானிய அரசு 'ஜெட்' திட்டத்தைத் தொடங்கியது. முதலாண்டில் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கு நாடுகளிலிருந்து 848 பேர் வந்தனர். ஏதேனும் ஒரு துறையில் இளநிலைப் பட்டம் பெற்றிருத்தல் போதுமானது. ஆசிரியப் பயிற்சிச் சான்று இன்றியமையாததன்று. இவ்வாறு வருவோருள் பெரும்பாலோர் துணைமொழியாசிரியராக அமர்த்தப்பெற்று, ஜப்பானிய ஆசிரியருடன் இணைந்து வகுப்பு நடத்துகின்றனர். தொடக்கப்பள்ளியின் 5, 6ஆம் வகுப்புகளில் அயல்மொழிச் செயற்பாடுகள் 2011இல் கட்டாயமாயின. 2020இல் அவ்வகுப்புகளில் ஆங்கிலம் தனிப்பாடமாயிற்று; செயற்பாடுகள் 3ஆம் வகுப்பிலிருந்தே தொடங்கப்பெற்றன. ஆகவே சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்கும் பொறுப்பும் இத்தகைய ஆசிரியரைச் சார்கிறது.

3. ஒலி நிலை

பயிற்சியாசிரியர் முதலில் எதிர்கொள்வது ஒலிப்புச் சிக்கலாகும். 'ஸ்ட்ரைக்' என்னும் ஆங்கிலச் சொல் ஓரசை உடையது. ஜப்பானியர் இதனைச் 'சு-தொ-ரா-இ-கு' என ஐந்து மாத்திரை அளவினதாக ஒலிப்பர். ஜப்பானிய மொழியில் மெய்ம்மயக்கம் மிகக் குறைவு. மூக்கொலி நீங்கலாகச் சொல்லிறுதியில் மெய் நிற்பதில்லை. எனவே மெய்களுக்கு இடையிலும் இறுதியிலும் உயிர் சேர்க்கப்படுகிறது. த, ட போன்ற ஒலிகளை அடுத்து ஒகரமும், பெரும்பாலான பிற மெய்களை அடுத்து உகரமும் வருதல் இதன் பொதுவிதி. அடிப்பந்தாட்டத்தில் இச்சொல் உகர இறுதியுடனும், வேலைநிறுத்தப் பொருளில் 'சு-தொ-ரா-இ-கி' என இகர இறுதியுடனும் வழங்குதல் கருதத்தக்கது. கடன்பெற்ற ஒரு சொல் இரு சொற்களாகிப் பொருள் வேறுபாட்டையும் ஏற்றுக்கொண்டுள்ளது.

தமிழறிந்தோர்க்கு இது புதியதன்று. வல்லின மெய் சொல்லிறுதியில் நில்லாமை தமிழின் பழைய இலக்கண விதி. 'பஸ்' என்பது பேச்சில் 'பஸ்ஸு' என்றும், 'ஸ்கூல்' என்பது 'இஸ்கூலு' என்றும் ஆவது அவ்விதியோடும் மொழிமுதல் மெய்ம்மயக்கத்தை ஏற்காத விதியோடும் தொடர்புடையது. பயிற்சியாசிரியர் இதனை அறியாதபோது, சொல்லை மெதுவாகப் பிரித்துப் பிரித்து ஒலித்துக் காட்டுகிறார். அவ்வாறு பிரிக்கும்போது அவர் வாயிலும் மெய்களுக்கிடையே சிற்றுயிர் தோன்றிவிடுகிறது. திருத்தும் முயற்சியே பிழைக்கு மாதிரியாகிவிடுகிறது. மாறாக, ஒரு சொல்லுக்கு எத்தனை முறை கைதட்ட வேண்டும் என்று கேட்பாராயின், ஆசிரியர் ஒருமுறையும் மாணவர் ஐந்து முறையும் தட்டுவர். சிக்கல் தனியொலியில் இல்லை, அசையமைப்பில் உள்ளது என்பது இருசாரார்க்கும் அப்போது விளங்கும்.

ரகர லகர வேறுபாடும் இத்தகையதே. ஆங்கிலத்தில் இவை இரு ஒலியன்கள்; ஜப்பானிய மொழியில் ஒரே ஒலியனே உண்டு. 'ரைட்', 'லைட்' என்பவற்றை மாணவர் வேறுபடுத்தி ஒலிக்காமைக்குக் காரணம் கவனக்குறைவு அன்று. செவியே அவற்றை ஒன்றாகக் கொள்கிறது. ஆகவே 'நன்றாகக் கேளுங்கள்' என்னும் அறிவுரை பயன்தருவதில்லை. ஆங்கில ரகரத்தில் நுனிநா எங்கும் பொருந்துவதில்லை, லகரத்தில் பல்லின் பின்புறத்து மேட்டைப் பொருந்துகிறது என்னும் பிறப்பியல் விளக்கம் பயன்தருகிறது. அவ்விளக்கத்தைத் தரத் தாய்மொழியாளராக இருத்தல் மட்டும் போதாது.

4. இலக்கண நிலை

ஜப்பானிய மொழியில் பெயர்ச்சொல் எண் காட்ட வேண்டுவதில்லை. 'என்பித்சு' என்பது ஒரு பென்சிலையும் குறிக்கும், பல பென்சில்களையும் குறிக்கும். எண்ணிச் சொல்லும்போது பொருளின் வடிவிற்கேற்ற அளவைச் சொல் எண்ணுடன் சேரும். நீண்ட பொருள்களுக்கு ஒரு சொல், தட்டையான பொருள்களுக்கு ஒரு சொல், நூல்களுக்கு ஒரு சொல் எனப் பல உண்டு. தமிழிலும் 'பத்து மாம்பழம்' எனப் பன்மை விகுதியின்றிக் கூறுதல் இயல்பு. இம்மரபில் வளர்ந்த மாணவர், 'புக்' என்பது பன்மை ஏற்கும்போது 'ஃபர்னிச்சர்', 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்' ஆகியவை ஏன் ஏற்பதில்லை என்று கேட்பர். நாற்காலியை எண்ணலாம், மேசையை எண்ணலாம். இரண்டிற்கும் பொதுவான பெயரை எண்ண முடியாது என்பது அவர்களுக்குப் புதிராகிறது. இப்பாகுபாடு உலகப் பொருள்களின் இயல்பன்று, ஆங்கிலத்தின் இயல்பு என்பதை ஆசிரியர் முதலில் தாம் உணர்ந்தாக வேண்டும்.

எதிர்மறை வினாவிற்கு விடையளித்தலும் குழப்பம் விளைவிக்கும். 'நேற்று நீ வரவில்லையா?' என்று ஆங்கிலத்தில் வினவப்பட்ட மாணவர் 'எஸ்' என்கிறார். ஆசிரியர் அவர் வந்ததாகக் கொள்கிறார். மாணவர் கருதியதோ வரவில்லை என்பது. ஜப்பானிய மொழியின் 'ஹை' வினாவின் கூற்றை உடன்படுகிறது; ஆங்கிலத்தின் 'எஸ்' நிகழ்ச்சியை உடன்படுகிறது. தமிழின் 'ஆமாம், வரவில்லை' ஜப்பானிய நெறியை ஒத்தது. உரையாடலை மொழிபெயர்ப்போர் 'எஸ்' என்பதற்கு 'ஆம்' என்றும் 'நோ' என்பதற்கு 'இல்லை' என்றும் சொல்லுக்குச் சொல் இடுவாராயின், இவ்விடத்தில் பொருள் தலைகீழாக மாறும்.

5. பாமரும் ஹார்ன்பியும்

இத்தகைய இடர்ப்பாடுகளிலிருந்து ஆங்கிலக் கல்வியின் போக்கையே மாற்றிய ஆய்வுகள் தோன்றியமை வரலாறு. ஹெரால்டு பாமர் (1877-1949) ஆசிரியப் பயிற்சி ஏதுமின்றி 1902இல் பெல்ஜிய நாட்டு வெர்வியே நகரில் ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கியவர். பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பணியாற்றி, 1922இல் ஜப்பானியக் கல்வியமைச்சின் மொழியியல் அறிவுரையாளராகச் சென்றார். 1923இல் டோக்கியோவில் ஆங்கிலம் கற்பித்தல் ஆய்வு நிறுவனம் நிறுவப்பெற்றது. அவர் அதன் இயக்குநரானார்.

ஆல்பர்ட் சிட்னி ஹார்ன்பி (1898-1978) ஆங்கில இலக்கியம் பயின்றவர். 1924இல் கியூஷு தீவிலுள்ள ஒயித்தா நகரின் உயர்நிலை வணிகப் பள்ளிக்கு ஆசிரியராகச் சென்றார். மாணவர்க்கு வேண்டியது இலக்கியத் திறனாய்வு அன்று, மொழிப்பயிற்சி என்பதை அங்கு உணர்ந்து பாமரின் ஆய்வுகளில் இணைந்தார். 1936இல் பாமர் தாயகம் திரும்பியபின் ஆய்வுப்பணி ஹார்ன்பியின் பொறுப்பாயிற்று. கேட்டன்பி, வேக்ஃபீல்டு ஆகியோருடன் அவர் தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. அதுவே 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பாகி, பிற்காலத்தில் 'அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்ஷனரி' என உலகெங்கும் வழங்கலாயிற்று.

இவ்வகராதியின் புதுமை இரண்டு. எண்ணத்தகு பெயர், எண்ணத்தகாப் பெயர் என்னும் பாகுபாடு சொல்தோறும் சுட்டப்பெற்றது. வினைச்சொற்கள் ஏற்கும் தொடரமைப்புகள் 25 வாய்பாடுகளாக வகுக்கப்பெற்றன. 'ஐ வான்ட் யூ டு கோ' என்பது வழு அன்று. 'ஐ சஜெஸ்ட் யூ டு கோ' என்பது வழு. இரண்டும் பொருளால் நெருங்கியவை. ஆயினும் அமைப்பால் வேறுபட்டவை. ஆங்கிலேயர் தமக்கென எழுதிக்கொண்ட அகராதிகள் இதனைக் கூறவில்லை. கூறவேண்டிய தேவையும் அவர்க்கு இருக்கவில்லை. பொருள் அறிய அகராதி நாடும் வாசகரின் இடத்தில், தொடர் அமைக்க அகராதி நாடும் மாணவரை வைத்துப் பார்த்தபோதே இச்செய்திகள் அகராதியில் இடம்பெற்றன.

6. இன்றைய நிலை

துணைமொழியாசிரியர் இன்று இத்தகைய கவனிப்பிற்கு வாய்ப்புள்ளவரா என்பது ஆராயத்தக்கது. பல வகுப்புகளில் பாடப்பகுதியை உரக்கப் படித்துக்காட்டுவதே அவர் பணியாகச் சுருங்குகிறது. 'மனித ஒலிப்பதிவுக் கருவி' என்னும் கசப்பான பெயர் அவர்களிடையே வழங்குவதும் இதனாலேயே. ஒப்பந்தம் ஓராண்டிற்குரியது, புதுப்பித்தாலும் ஐந்தாண்டிற்கு மேற்படாது. மாணவர் மொழியைக் கற்றுப் பிழைகளைத் தொகுத்து வகைப்படுத்தும் நிலையை அவர் எய்தும்போது தாயகம் திரும்பும் காலம் வந்துவிடுகிறது.

மறுபுறம், அருகில் நிற்கும் ஜப்பானிய ஆசிரியர் ஆங்கிலத்தை முயன்று கற்றவர். எவ்விடம் கடினம் என்பதைத் தம் பட்டறிவால் அறிந்தவர். எது இயல்பான வழக்கு என்பது ஒருவர்க்கும், அது ஏன் கடினம் என்பது மற்றவர்க்கும் தெரியும். இவ்விரு அறிவும் வகுப்பிற்கு முன்னும் பின்னும் உரையாடலில் கூடினாலன்றி இணைந்து கற்பித்தல் என்பது பெயரளவினதே. 'ஏன்' என்னும் வினாவிற்கு 'நாங்கள் அப்படித்தான் சொல்வோம்' என விடையளிக்கும் ஆசிரியர், மாணவரின் வினாவை மட்டுமன்றித் தம் மொழியை அறியும் வாய்ப்பையும் முடித்துவிடுகிறார்.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. தாய்மொழியாளர் என்னும் தகுதி கற்பித்தலின் தொடக்கமேயன்றி முடிவன்று. மாணவர் பிழை அவர்தம் தாய்மொழியின் அமைப்பிற்கு மட்டுமன்றி, கற்பிக்கப்படும் மொழியின் விளக்கப்படாத பகுதிக்கும் சான்றாகிறது. குறுகிய காலப் பயிற்சியிலும் மாணவர் மொழியின் ஒலியமைப்பு, தொடரமைப்பு பற்றிய அறிமுகமும் பிழைக் குறிப்பேடு எழுதும் பழக்கமும் இடம்பெற வேண்டும்.

இது ஆங்கிலத்திற்கு மட்டும் உரியதன்று. 1969இல் மைசூரில் நிறுவப்பெற்ற இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் வட்டார மையங்கள் பிறமொழி ஆசிரியர்க்கு இந்திய மொழிகளைக் கற்பித்து வருகின்றன. தமிழ் பயிலும் இந்தி மொழியாளர் 'நாம்', 'நாங்கள்' இரண்டும் ஏன் வேண்டும் என்று கேட்கலாம். 'நான் தமிழ் படிக்கிறேன்' என எழுவாய் வரும்போது 'எனக்குத் தமிழ் தெரியும்' என நான்காம் வேற்றுமை வருவதேன் என்றும் வினவலாம். தமிழாசிரியர் இவற்றுக்குத் தரும் விடை பழக்கமாக அமையுமா, விளக்கமாக அமையுமா என்பதைப் பொறுத்தே அவர்தம் கற்பித்தலின் தரம் அமையும்.