பிராசசரைத் தூங்கவிடாத கடிகாரம்

மடிக்கணினியைத் திறந்து வைத்துவிட்டு எதையும் தொடாமல் இருந்தாலும், 2007க்கு முந்தைய லினக்ஸில் பிராசசருக்கு ஓய்வு கிடையாது. டைமர் சில்லு சீரான இடைவெளியில் அதை எழுப்பிக்கொண்டே இருக்கும். ‘டிக்’ எனப்படும் இந்தத் துடிப்பை வைத்துத்தான் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் நேரத்தைக் கணக்கிட்டது, அடுத்து எந்த நிரல் ஓடவேண்டும் என்று முடிவு செய்தது. முதலில் பி.சி.க்களில் நொடிக்கு 100 டிக். 2.6 வரிசையில் 1000 ஆக்கினார்கள். பிறகு 2005இல் 250க்கு இறக்கினார்கள்.

250 என்றாலும் 4 மில்லி நொடிக்கு ஒருமுறை விழிப்பு. வேலையே இல்லாதபோது இது வீண்செலவு. பிராசசரின் உறக்கத்தில் பல படிகள் உண்டு. ஆழமான படியில் மின்சாரம் மிகக் குறைவு. ஆனால் அங்கே இறங்கவும் ஏறவும் நேரமும் ஆற்றலும் செலவாகும். நெடுநேரம் தூங்கினால்தான் அந்தச் செலவு கட்டுப்படியாகும்.

2007 ஏப்ரலில் வந்த 2.6.21 பதிப்பில் தாமஸ் கிளைக்ஸ்னரும் இங்கோ மோல்னாரும் இதற்கு வழி கண்டார்கள். ஓய்வுக்குப் போகுமுன் கெர்னல் அடுத்த டைமர் (குறித்த நேரத்தில் எழுப்பச் சொல்லும் கோரிக்கை) எப்போது என்று பார்க்கிறது; அந்த நேரத்துக்கு மட்டும் அலாரம் வைத்துவிட்டு டிக்கை நிறுத்துகிறது. விழித்ததும், இடைவிடாமல் ஓடும் வன்பொருள் எண்ணியைப் படித்து, தூங்கிய நேரத்தைக் கடிகாரத்தில் கூட்டிக்கொள்கிறது. என் பார்வையில் இந்த மாற்றத்தின் அழகே இங்கேதான்: நேரத்தை அறிய விழித்திருக்கத் தேவையில்லை.

டிக் அடங்கியதும் மற்ற குற்றவாளிகள் வெளிப்பட்டார்கள். அடுத்த மாதமே இன்டெல்லின் அர்யன் வான் டி வென் ‘பவர்டாப்’ கருவியை வெளியிட்டார். எந்த நிரல் நொடிக்கு எத்தனை முறை பிராசசரை எழுப்புகிறது என்று அது பட்டியல் போட்டது. ஏதாவது மாறியிருக்கிறதா என்று ஓயாமல் எட்டிப் பார்த்த நிரல்கள் பல அதில் சிக்கின. அவற்றை எழுதியவர்கள் திருத்தினார்கள்.

மிஞ்சியவை, தவிர்க்க முடியாத டைமர்கள். கடைக்கும் தபால் நிலையத்துக்கும் ஒரே நடையில் போய்வருவதுபோல, அருகருகே முடியும் டைமர்களை ஒரே விழிப்பில் சேர்த்துவிடலாம். 2008இன் 2.6.28 பதிப்பிலிருந்து லினக்ஸ் சாதாரண நிரல்களின் டைமர்களை 50 மைக்ரோ நொடிவரை தள்ளிப்போடுகிறது. இந்தச் சலுகையை நிரலே முன்வந்து நீட்டலாம். அஞ்சல் வந்ததா என்று பார்க்கும் நிரலுக்கு அரை நொடித் தாமதத்தால் நட்டமில்லை. பாட்டு ஒலிக்கும் நிரல் அப்படித் தாராளம் காட்டினால் இசை அறுந்துவிடும்.