மிதிவண்டிப் பயணம்

புனே ஒரு காலத்தில் ‘மிதிவண்டிகளின் நகரம்’ எனப் பெயர் பெற்றிருந்தது. அந்நகரின் வடகிழக்கில், விமான நிலையம் அமைந்துள்ள பகுதி லோஹேகாவ். இன்று அங்குள்ள சாலைகளில் மோட்டார் வாகனங்களே மிகுதி. அவற்றினிடையே மிதிவண்டி ஓட்டுவோருக்குச் சாலை ஒழுக்கமே காவல்.

எப்போதும் சாலையின் இடப்பக்கமாகச் செல்லுதல் வேண்டும். நண்பர்கள் அருகருகே செல்லாது, ஒருவர்பின் ஒருவராகச் செல்லுதல் நன்று. திரும்பும் முன் பின்னால் நோக்கிக் கையால் சைகை காட்ட வேண்டும். ஓட்டுபவரின் எண்ணத்தைப் பின்னால் வருபவருக்கு அக்கைதான் உணர்த்தும். நின்றிருக்கும் மகிழுந்தின் கதவு திடீரெனத் திறக்கக்கூடும். ஆதலின் அதனை விட்டு விலகிச் செல்ல வேண்டும். இரவில் விளக்கு இன்றியமையாதது.

நெடும்பயணத்திற்குத் திட்டமிடல் தேவை. புனேயிலிருந்து சிங்ககட் கோட்டை ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் உள்ளது. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் 2 மணி நேரம் எனக் கணக்கிடலாம். ஆனால், இறுதியில் மலையேற்றம் உண்டு, ஓய்வும் வேண்டும். எனவே, விடியலில் புறப்படுதல் நலம். குடிநீர், காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் ஒட்டும் பொருள்கள் ஆகியவற்றை உடன் கொள்ள வேண்டும். செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டாரிடம் கூறிச் செல்ல வேண்டும்.

புனேயைச் சேர்ந்த வேதாங்கி குல்கர்ணி, 2018இல் 14 நாடுகள் வழியாக ஏறத்தாழ 29,000 கி.மீ. தொலைவை 159 நாள்களில் மிதிவண்டியில் கடந்தார். நாள்தோறும் பேணும் ஒழுங்கே நெடுந்தொலைவிற்கும் துணையாகும்.

சிந்திக்க: மலையேற்றம் உள்ள பயணத்திற்குக் கூடுதல் நேரம் ஒதுக்குவது ஏன்?